முப்பத்தைந்து வயதில் நோட்டர் டேம்: மார்க்கஸ் ஃப்ரீமனின் அனுபவம் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

2021 டிசம்பர் 3 அன்று, அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்திலுள்ள நோட்டர் டேம் பல்கலைக்கழகம் தன் கால்பந்து அணியின் தலைமைப் பயிற்சியாளராக மார்க்கஸ் ஃப்ரீமனை அறிவித்தது. அப்போது அவருக்கு வயது 35. கல்லூரி அணியோ பள்ளி அணியோ, எதற்கும் அவர் ஒரே ஓர் ஆட்டத்துக்குக்கூடத் தலைமைப் பயிற்சியாளராக இருந்ததில்லை. அவர் யாருடைய இடத்துக்கு வந்தாரோ அந்த பிரையன் கெல்லி, நோட்டர் டேமுக்கு வருவதற்கு முன்பே 19 ஆண்டுகள் வேறு மூன்று கல்லூரிகளில் தலைமைப் பொறுப்பு வகித்தவர். அதே 2021-ஆம் ஆண்டில்தான் பழம்பெரும் பயிற்சியாளர் நூட் ராக்னியின் 105 வெற்றிகளைத் தாண்டி, அந்தப் பல்கலைக்கழக வரலாற்றிலேயே அதிக வெற்றி பெற்ற பயிற்சியாளராகியிருந்தார். சீசன் முடியும் தறுவாயில், அணி 11 வெற்றி 1 தோல்வி என்ற நிலையில் இருந்தபோது, அவர் லூயிசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார்.

அப்போது எழுந்த கேள்விக்கு இன்று நான்கு முழு சீசன்களின் சான்றுகள் கையில் இருக்கின்றன. இந்த இளைஞருக்குத் தலைமை தாங்கப் போதிய அனுபவம் இருந்ததா? சான்றுகளைப் பார்த்த பின் நான் வந்தடைந்த முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்று அவருக்குப் போதிய அனுபவம் இல்லை. அந்தக் குறையால் அணி உண்மையாகவே சில ஆட்டங்களை இழந்தது. ஆனாலும் அவரை நியமித்தது சரியான முடிவுதான். இந்த மூன்றும் ஒன்றோடொன்று முரண்பட்டவை அல்ல என்பதைக் காட்டுவதே இந்த ஆய்வின் நோக்கம்.

இங்கே பேசப்படுவது பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் அமெரிக்கக் கால்பந்து. ஒரு பக்கத்துக்கு 11 பேர். நான்கு முயற்சிகளுக்குள் 10 கெஜம் முன்னேறாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். ஒவ்வொரு முயற்சிக்கும் இடையே ஆட்டம் நின்று தொடங்குவதால், எந்த 11 பேரை அனுப்புவது, எந்தத் திட்டத்தை ஆடுவது, கடிகாரத்தை ஓடவிடுவதா நிறுத்துவதா என்று பயிற்சியாளர்தான் ஓயாமல் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. கல்லூரி ஆட்டத்தில் இதற்கும் மேலான சுமைகள் உண்டு. பள்ளி மாணவர்களின் வீடுதேடிச் சென்று அவர்களையும் பெற்றோரையும் இசையச் செய்வது, துணைப் பயிற்சியாளர்களைத் தேர்வது, பணம் கொடுக்கும் பழைய மாணவர்களைச் சமாளிப்பது, 18 வயதுப் பிள்ளைகள் வகுப்புக்குப் போகிறார்களா என்று பார்ப்பது எல்லாம் ஒரே ஆளின் தலையில் விழுகின்றன. துணைப் பயிற்சியாளர் எவ்வளவு திறமைசாலியானாலும் இவற்றில் பாதியைக்கூடத் தானே செய்து பார்த்திருக்க மாட்டார்.

கையில் என்ன இருந்தது

ஃப்ரீமன் 1986 ஜனவரியில் பிறந்தவர். தந்தை அமெரிக்க விமானப் படையில் பணியாற்றியவர், தாய் கொரியர். வளர்ந்தது ஒஹையோ மாநிலத்தில். ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளர் ஜிம் டிரெஸலிடம் லைன்பேக்கர் என்ற தடுப்பாட்டக்காரராக ஆடினார். 2009-இல் தொழில்முறை அணியான சிகாகோ பேர்ஸ், வீரர் தேர்வின் ஐந்தாம் சுற்றில் அவரைத் தேர்ந்தெடுத்தது. ஆனால் இதயம் இயல்பைவிடப் பெரிதாக இருப்பது மருத்துவப் பரிசோதனையில் தெரியவர, 24 வயதிலேயே ஆட்ட வாழ்க்கை முடிந்துபோனது. அதே ஆண்டில், 2010-இல், தான் படித்த கல்லூரியிலேயே கடைநிலைப் பயிற்சி உதவியாளராகச் சேர்ந்தார். பிறகு கென்ட் ஸ்டேட்டில் இரண்டு ஆண்டுகள், பர்டூவில் நான்கு ஆண்டுகள், சின்சினாட்டியில் தடுப்பாட்டப் பொறுப்பாளராக நான்கு ஆண்டுகள், கடைசியாக நோட்டர் டேமில் கெல்லியின் கீழ் அதே பொறுப்பில் ஓராண்டு. மொத்தம் 12 சீசன்கள்.

இந்தப் பட்டியலில் பெரும்பாலோர் சின்சினாட்டியைத்தான் பார்த்தார்கள். லூக் ஃபிக்கெலின் தலைமையில் அந்த அணி வளர்ந்த வேகமும், அதன் தடுப்பாட்டத்தின் வலுவும் ஃப்ரீமனின் பெயரை நாடெங்கும் கொண்டுசென்றன. எனக்கென்னவோ பர்டூதான் முக்கியமாகப் படுகிறது. கென்ட் ஸ்டேட்டில் 2012-இல் 11 வெற்றி 3 தோல்வி என்று சாதித்துக் காட்டிய டாரெல் ஹேஸல், ஃப்ரீமனையும் அழைத்துக்கொண்டு பர்டூவுக்குப் போனார். அங்கே 9 வெற்றி 33 தோல்வியோடு நான்காம் சீசனின் நடுவிலேயே நீக்கப்பட்டார். ஓரிடத்தில் வென்ற தலைவர் இன்னோரிடத்தில் எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தோற்கிறார் என்பதை நான்காண்டுகள் பக்கத்திலிருந்து பார்ப்பது எந்தத் தகுதிப் பட்டியலிலும் ஏறாத ஒன்று. பொறுப்பாளர்களை நியமிக்கும் குழுக்கள் வெற்றிகளின் எண்ணிக்கையைக் கேட்கின்றனவே தவிர, தோல்வியை எவ்வளவு நெருங்கிப் பார்த்திருக்கிறீர்கள் என்று கேட்பதில்லை.

ஃபிக்கெலின் கதையும் இதில் சேரும். 2011-இல் டிரெஸல் பதவி விலகியபோது ஒஹையோ ஸ்டேட் அணி 37 வயது ஃபிக்கெலிடம் திடீரென ஒப்படைக்கப்பட்டது. அந்த சீசன் 6 வெற்றி 7 தோல்வியில் முடிந்தது. அவர் மீண்டும் துணைப் பொறுப்புக்கு இறங்கிப் பல ஆண்டுகள் காத்திருந்து, பிறகே சின்சினாட்டியில் தலைவரானார். 2021 டிசம்பரில் நோட்டர் டேம் பதவிக்கு அவர் பெயரும் பரவலாகப் பேசப்பட்டது. ஆக, ஒரு தலைவர் செய்யும் முதல் தவறுகளை வேறொரு கல்லூரியின் செலவில் செய்து முடித்துவிட்டு வந்தவரை எடுக்கும் வாய்ப்பு நோட்டர் டேமுக்கு இருந்தது. அப்படியிருந்தும் அவரிடம் பயின்றவரை எடுத்தது.

ஏன் எடுத்தது

அப்போதைய விளையாட்டுத் துறை இயக்குநர் ஜாக் ஸ்வார்பிரிக் 2009-இல் கெல்லியைத் தேர்ந்தவர். அனுபவத்தின் விலை தெரியாதவர் அல்லர். ஆனால் டிசம்பர் நடுவில் புதிய மாணவர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த மாணவர்களில் பலரை அழைத்து வந்ததே ஃப்ரீமன்தான். ஆட்டக்காரர்களின் ஆதரவும் வெளிப்படையாக இருந்தது. அறிவிப்பைக் கேட்டு அவர்கள் ஆர்ப்பரித்த காட்சி நாடெங்கும் ஒளிபரப்பானது. தாக்குதல் ஆட்டப் பொறுப்பாளர் டாமி ரீஸும் அங்கேயே தங்க இசைந்தார். தலைவர் திடீரென்று விலகிப்போன வீட்டில் மற்றவர்களைப் போகவிடாமல் நிறுத்தக்கூடியவர் யார் என்பதே அந்த வாரத்தின் கேள்வியாக இருந்தது. அதற்கு ஃப்ரீமனைவிடப் பொருத்தமான விடை யாரும் இல்லை.

ஆனால் அந்தப் பல்கலைக்கழகத்தின் கடந்தகாலம் வேறு விதமாக எச்சரித்தது. 1954-இல், ஃபிராங்க் லீகியின் இடத்துக்கு, சிகாகோவின் மவுண்ட் கார்மல் உயர்நிலைப் பள்ளி அணியை நடத்தி வென்ற டெரி பிரென்னன் நியமிக்கப்பட்டபோது அவருக்கு வயது 25. முதல் ஆண்டு 9–1 (வெற்றி–தோல்வி), இரண்டாம் ஆண்டு 8–2, மூன்றாம் ஆண்டு 2–8. அடுத்த ஆண்டு ஓக்லஹோமா அணியின் 47 தொடர் வெற்றிகளுக்கு 7–0 என்று முற்றுப்புள்ளி வைத்தவரும் இதே பிரென்னன்தான். ஆனாலும் 1958 டிசம்பரில் பதவி பறிக்கப்பட்டது. மொத்தக் கணக்கு 32 வெற்றி, 18 தோல்வி. அந்தக் காலத்தில் பல்கலைக்கழகத் தலைவர் தியோடர் ஹெஸ்பர்க் கல்வித் தரத்தை உயர்த்துவதில் முனைந்திருந்தார். கால்பந்துக்கான உதவித்தொகை இடங்கள் குறைக்கப்பட்டிருந்தன. தோல்விகளுக்கு இளமை மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது, ஆனால் இளமைதான் பழியைச் சுமந்தது.

அடுத்து வந்த ஜோ குஹாரிச் அமெரிக்கத் தொழில்முறைக் கழகமான வாஷிங்டன் ரெட்ஸ்கின்ஸின் தலைமைப் பயிற்சியாளராக இருந்த அனுபவசாலி. நான்கு ஆண்டுகளில் அவர் பெற்றது 17 வெற்றி, 23 தோல்வி. அனுபவமே மருந்து என்று நம்பி எடுத்த முடிவு, நீக்கப்பட்ட இளைஞரைவிட மோசமான கணக்கைத் தந்தது. இந்த இரண்டு பெயர்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்காமல் 2021 முடிவை எடைபோட முடியாது என்று நினைக்கிறேன்.

எனினும் நீண்ட கணக்கு ஃப்ரீமனுக்கு எதிராகவே இருந்தது. 1964-க்குப் பிறகு நோட்டர் டேமுக்குத் தேசியப் பட்டம் பெற்றுத் தந்த ஆரா பர்சேகியன், டான் டிவைன், லூ ஹோல்ட்ஸ் மூவரும் ஏற்கெனவே தலைமைப் பொறுப்பு வகித்தவர்கள். கல்லூரித் தலைமை அனுபவம் இல்லாமல் வந்த ஜெரி ஃபாஸ்ட் 30 வெற்றி, 26 தோல்வி, 1 சமநிலையோடு விலகினார். பாப் டேவி, ஃப்ரீமனைப் போலவே தடுப்பாட்டப் பொறுப்பிலிருந்து நேரடியாக உயர்த்தப்பட்டவர். 35–25 என்ற கணக்கில் நீக்கப்பட்டார். தொழில்முறை அணியான நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸின் சூப்பர் பௌல் (இறுதி ஆட்டம்) வெற்றிகளில் பங்கேற்ற சார்லி வைஸ் 35–27. இதற்கு எதிர்ச்சான்று தேட வேண்டுமானால் 1918 வரை பின்னே போக வேண்டும். உதவியாளராக இருந்து 30 வயதில் தலைவரான ராக்னி 105 வெற்றி, 12 தோல்வி, 5 சமநிலை என்று முடித்தார்.

இந்தக் கணக்கில் மறைந்திருக்கும் இன்னொன்றையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. நோட்டர் டேம் கால்பந்தின் முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளரான டைரோன் வில்லிங்ஹாம், ஸ்டான்ஃபோர்டில் ஏழாண்டுகள் தலைமை வகித்துவிட்டு வந்தவர். 21–15 என்ற கணக்கோடு மூன்றே ஆண்டுகளில், 2004-இல், நீக்கப்பட்டார். அவருக்குப் பின் தலைமை அனுபவமே இல்லாமல் வந்த வைஸுக்கு, முதல் சீசன் முடிவதற்கு முன்பே 10 ஆண்டு ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டது. அனுபவத்தை எல்லோருக்கும் ஒரே கோலால் அளப்பதில்லை. இரண்டாவது கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளராக ஃப்ரீமன் வந்தபோது, அவர் தவறு செய்தால் திருத்திக்கொள்ள எத்தனை காலம் கிடைக்கும் என்ற கவலை பலருக்கு இருந்தது நியாயமே.

குறை எங்கே தெரிந்தது

2022 ஜனவரி 1. ஃபியஸ்டா பௌல்; சீசன் முடிவில் நடக்கும் 'பௌல்' எனப்படும் சிறப்பு ஆட்டங்களில் ஒன்று. எதிரணி ஓக்லஹோமா ஸ்டேட். அதன் பயிற்சியாளர் மைக் கண்டி 2005 முதல் அதே பொறுப்பில் இருந்தவர். நோட்டர் டேம் 28–7 என்று முன்னிலை பெற்றது. முடிவில் 37–35 என்று தோற்றது. அடுத்த செப்டம்பரில் ஒஹையோ ஸ்டேட்டிடம் 21–10. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, வலிமையான அணியின் சொந்த மைதானத்தில் பாதி ஆட்டம்வரை முன்னிலை வகித்தார்கள். அதற்கடுத்த வாரம்தான் தாங்க முடியாதது நடந்தது. தங்கள் சொந்த மைதானத்தில், வலுக்குறைந்ததாகக் கருதப்பட்ட மார்ஷல் பல்கலைக்கழகத்திடம் 26–21. முதல் மூன்று ஆட்டங்களிலும் தோற்ற முதல் நோட்டர் டேம் பயிற்சியாளர் என்ற பெயர் ஃப்ரீமனுக்கு வந்து சேர்ந்தது. அந்த ஆட்டத்தில், பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் குவாட்டர்பேக் டைலர் பக்னர் தோளில் காயப்பட்டதும் உண்மை. ஆனால் அக்டோபரில் ஸ்டான்ஃபோர்டிடம் 16–14 என்று தோற்றதற்கு அந்தச் சமாதானம் போதாது. ஸ்டான்ஃபோர்ட் அந்த ஆண்டு மொத்தம் மூன்றே ஆட்டங்களில்தான் வென்றது.

அதே சீசனில் நவம்பர் 5 அன்று, அதுவரை தோல்வியே காணாத கிளெம்சன் அணியை 35–14 என்று வீழ்த்தினார்கள். கிளெம்சன் பயிற்சியாளர் டேபோ ஸ்வினி 2008-இல் 38 வயதில் இடைக்காலப் பொறுப்பில் நியமிக்கப்பட்டபோது அவரையும் அனுபவமில்லாதவர் என்றுதான் சொன்னார்கள். இரண்டு தேசியப் பட்டங்கள் பிறகு வந்தன. ஃப்ரீமனின் ஆட்டக்காரர்கள், எதிரணி பந்தைத் தொலைவுக்கு அனுப்ப உதைத்த ஒரு பண்ட் உதையைத் தடுத்து டச்டவுனாக்கினார்கள் (பந்தோடு எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டி எடுக்கும் 6 புள்ளிகள்). முதலாமாண்டு மாணவர் பெஞ்சமின் மாரிசன் எதிரணியின் பந்தைப் பறித்து 96 கெஜம் ஓடினார். வலியவரோடு மோதும்போது அவர் அணி குறைவின்றி ஆடியது, எளியவர் வரும்போது தடுமாறியது. இது திட்டம் தீட்டும் அறிவில் வந்த குறை அல்ல. பெரிய ஆட்டத்துக்கு மாணவர்கள் தாமாகவே விழித்துக்கொள்வார்கள். சாதாரணச் சனிக்கிழமைக்கு அவர்களை விழிக்கவைப்பதுதான் தலைவரின் வேலை. ஒரு பிரிவை மட்டும் நடத்திய துணைப் பொறுப்பாளர் அந்த வேலையை முழு அணிக்காகச் செய்து பார்த்திருக்க மாட்டார். 12 ஆண்டுப் பயிற்சி வாழ்க்கையில் ஃப்ரீமன் கற்காமல் விட்ட இடம் இதுதான்.

இன்னொரு இடம் கடிகாரம். 2023 செப்டம்பர் 23, மீண்டும் ஒஹையோ ஸ்டேட், இம்முறை நோட்டர் டேமின் சொந்த ஊரான சௌத் பெண்டில். நோட்டர் டேம் 14–10 என்று முன்னே. ஆட்டம் முடியச் சில நொடிகளே மீதம். பந்து கோல் கோட்டிலிருந்து ஒரு கெஜத்தில். கடைசி இரண்டு முயற்சிகளிலும் நோட்டர் டேம் தடுப்பில் 11 பேர் இருக்க வேண்டிய இடத்தில் 10 பேரே நின்றார்கள். கடைசி நொடிக்கு முன் பந்து கோட்டைத் தாண்டியது, 17–14. ஆட்டத்தை நிறுத்திக் கேட்கும் டைம்-அவுட் எதுவும் மிச்சமில்லை என்பது விளக்கமே தவிர நியாயம் ஆகாது. முதல் முயற்சியில் ஆள் குறைந்தது தெரிந்த உடனே ஒருவரைப் பந்து இருக்கும் கோட்டைத் தாண்டி ஓடவிட்டிருந்தால் ஆட்டம் நின்றிருக்கும். கோல் கோடு அவ்வளவு அருகில் இருக்கும்போது அபராதத்தால் இழப்பது அரை கெஜம்தான். பழுத்த தலைமைப் பயிற்சியாளர் ஒருவருக்கு இந்தச் சமயோசிதம் அனிச்சையாக வந்திருக்கும் என்றே கருதுகிறேன். தலைவராகத் தன் 19-ஆவது ஆட்டத்தில் நின்றவருக்கு அது வரவில்லை. பொறுப்பு தங்களுடையது என்று ஃப்ரீமன் வெளிப்படையாக ஏற்றுக்கொண்டார்.

இந்தத் தோல்விகளின் விலையைக் கொடுத்தவர்கள் மாணவர்கள் என்பதை இத்தகைய விவாதங்கள் எளிதில் மறந்துவிடுகின்றன. பயிற்சியாளருக்கு அடுத்த சீசன் உண்டு, அதற்கடுத்ததும் உண்டு. 2022-இல் இறுதியாண்டில் இருந்த ஆட்டக்காரனுக்கு மார்ஷல் ஆட்டம் திரும்ப வராது. இளம் தலைவரை நியமிக்கும் நிறுவனம், அவர் கற்றுக்கொள்வதற்கான செலவைத் தன் பணத்தால் மட்டும் கட்டுவதில்லை. பிறருடைய குறுகிய ஆண்டுகளாலும் கட்டுகிறது. அந்தச் செலவைத் தெரிந்தே ஏற்கிறோமா என்று நியமனத்துக்கு முன் கேட்டுக்கொள்வதே நேர்மை.

இல்லாததை எப்படி ஈடுகட்டினார்

ஃப்ரீமனிடம் நான் மிகவும் மதிப்பது ஒன்று உண்டென்றால், அது தன்னிடம் இல்லாததைத் தன்னைவிட மூத்தவர்களிடம் தேடியதுதான். தலைவரானதும் தன் பழைய பொறுப்பை, தன் சிறப்புத் துறையான தடுப்பாட்டத்தை, அல் கோல்டனிடம் கொடுத்தார். கோல்டன் டெம்பிள், மயாமி ஆகிய இரண்டு பல்கலைக்கழகங்களிலும் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர். மயாமியில் நீக்கமும் கண்டவர். வயதிலும் பதவி அனுபவத்திலும் தன்னை மிஞ்சியவரை நேர்கீழே அமர்த்துவது இளம் தலைவர்கள் பலருக்குக் கைவராத துணிவு. தங்கள் சொல்லுக்கு மறுசொல் பேசாதவர்களைச் சுற்றி வைத்துக்கொள்ளும் ஆசை அந்த வயதில் வலுவானது. கோல்டன் 2024-இல் நாட்டின் சிறந்த துணைப் பயிற்சியாளருக்கான பிராய்ல்ஸ் விருது பெற்றார்.

தாக்குதல் ஆட்டத்தில் இது இவ்வளவு எளிதாக அமையவில்லை. 2023 தொடக்கத்தில் ரீஸ் அலபாமாவுக்குப் போனார். அவர் இடத்தில் உள்ளிருந்தே உயர்த்தப்பட்ட ஜெராட் பார்க்கர் ஓராண்டே நீடித்தார். 2024-க்கு ஃப்ரீமன் மைக் டென்பிராக்கை அழைத்து வந்தார்; நோட்டர் டேமில் முன்பு பணியாற்றியவர், சின்சினாட்டியில் ஃப்ரீமனோடு இருந்தவர், லூயிசியானா ஸ்டேட்டில் கெல்லியின் கீழ் நாட்டிலேயே முதன்மையான தாக்குதல் ஆட்டங்களில் ஒன்றை நடத்தியவர். களத்திலும் இதே போக்குதான். 2023-இல் வேக் ஃபாரஸ்டிலிருந்து சாம் ஹார்ட்மன், 2024-இல் டியூக்கிலிருந்து ரைலி லெனர்ட் என, வேறிடங்களில் பல ஆட்டங்கள் கண்ட குவாட்டர்பேக்குகளை அழைத்து வந்தார். தலைவர் புதியவர் என்பதால் சுற்றியிருப்பவர்கள் பழுத்தவர்களாக இருக்கட்டும் என்ற கணக்கு அது.

2024 செப்டம்பர் 7-ஆம் தேதி இந்த எல்லாவற்றையும் பொய்யாக்கிவிடும்போல் இருந்தது. தரவரிசையில் ஐந்தாம் இடத்தில் இருந்த நோட்டர் டேம், சொந்த மைதானத்தில் நார்தர்ன் இல்லினாய்ஸிடம் 16–14 என்று தோற்றது. மார்ஷல், ஸ்டான்ஃபோர்ட், இப்போது இது; மூன்று சீசன்களில் மூன்றாவது முறை. அனுபவமில்லை என்று முன்பு சொன்னவர்கள், கற்றுக்கொள்ளவும் மாட்டார் என்று சொல்லத் தொடங்கினார்கள். அன்று நானாக இருந்தாலும் அவர்களோடுதான் நின்றிருப்பேன். சான்று அப்படித்தான் இருந்தது.

அடுத்த வாரம் பர்டூவை 66–7 என்று வென்றார்கள். அதிலிருந்து வழக்கமான சீசன் முடியும்வரை ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை. தேசியப் பட்டத்தைத் தீர்மானிக்கும் தகுதிச் சுற்று முதல்முறையாக 12 அணிகளாக விரிவாக்கப்பட்டிருந்தது; அதில் இண்டியானாவை 27–17 என்று வென்று, ஜார்ஜியாவைச் சந்திக்க நியூ ஆர்லியன்ஸ் போனார்கள்.

2025 ஜனவரி 1 அதிகாலையில் அந்நகரின் பர்பன் தெருவில் ஒருவன் வண்டியைக் கூட்டத்துக்குள் செலுத்தி 14 பேரைக் கொன்றான். ஜார்ஜியாவோடு ஆடவிருந்த சுகர் பௌல் ஆட்டம் ஒரு நாள் தள்ளிவைக்கப்பட்டது. கல்லூரிப் பிள்ளைகளை அந்த நகரத்தில், அந்த மனநிலையில், இன்னும் ஒரு நாள் ஒன்றாக வைத்திருப்பதற்கு எந்தப் பயிற்சியாளருக்கும் முன்னனுபவம் கிடையாது. அந்த நாளில் 39 வயதை எட்டவிருந்த ஃப்ரீமனும், இரண்டு தேசியப் பட்டங்கள் வென்ற ஜார்ஜியா பயிற்சியாளர் கிர்பி ஸ்மார்ட்டும் ஒரே படியில் நின்றார்கள். மறுநாள் நோட்டர் டேம் இடைவேளைக்குச் சற்று முன்னும் பின்னுமாக ஒரு நிமிடத்துக்குள் 17 புள்ளிகள் எடுத்து, 23–10 என்று வென்றது.

அந்த ஆட்டத்தின் நான்காம் பகுதியில் நடந்த ஒரு சிறு நிகழ்வுதான் இந்த ஆய்வின் நடுத்தூண் என்று நான் கருதுகிறேன். நோட்டர் டேம் தன் 18-ஆவது கெஜக் கோட்டில், நான்காம் முயற்சியில், ஒரு கெஜம் தேவைப்படும் நிலையில் பந்தை உதைத்துவிடத் தயாராக நின்றது. திடீரென உதைக்கும் பிரிவின் 11 பேரும் வெளியே ஓட, தாக்குதல் பிரிவின் 11 பேர் உள்ளே ஓடி வந்தார்கள். ஜார்ஜியா பதறி ஆள் மாற்றி நிலைகொள்வதற்குள் லெனர்டின் குரல் அவர்களை முந்திக்கொண்டு நகரவைத்தது; அது ஆஃப்சைடு என்ற தவறு, அபராதத்தால் தேவையான கெஜம் கிடைத்துவிட்டது. பந்து நோட்டர் டேமிடமே தங்கியது. கடிகாரமும் பல நிமிடங்கள் ஓடிக் கரைந்தது. 2023 செப்டம்பரில் பதினோராவது ஆளைக் களத்தில் நிறுத்தத் தவறிய அதே தலைமை, 15 மாதங்களில், ஆள் மாற்றத்தையே ஆயுதமாக்கியிருந்தது. துணைப் பொறுப்பாளராக இன்னும் பத்தாண்டுகள் இருந்திருந்தாலும் இந்த மாற்றம் வந்திருக்காது. அந்தத் தோல்வியின் பொறுப்பைத் தலைவராக ஏற்றதால் வந்தது.

அரையிறுதியில் பென் ஸ்டேட்டை 27–24 என்று வென்றதோடு, தேசிய இறுதி ஆட்டத்தை எட்டிய முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளரும், ஆசிய வழிவந்த முதல் பயிற்சியாளரும் ஆனார் ஃப்ரீமன். ஜனவரி 20 அன்று அட்லாண்டாவில் நடந்த இறுதியில் ஒஹையோ ஸ்டேட் 34–23 என்று வென்றது. அந்த ஆட்டத்தின் ஒரு முடிவு இன்றும் விவாதிக்கப்படுகிறது. 31–15 என்று பின்தங்கியிருந்தபோது, நான்காம் பகுதியில், கோல் கோட்டுக்கு 9 கெஜத்தில், ஃப்ரீமன் டச்டவுனுக்கு முயலாமல் மூன்று புள்ளி உதைக்கு ஆளனுப்பினார்; பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. உள்ளே போயிருந்தாலும் வித்தியாசம் 13. அப்போதும் இரண்டு டச்டவுன் வேண்டும். 16 புள்ளிப் பின்னடைவிலும் இரண்டு டச்டவுனும் அவற்றின் இரண்டு புள்ளிக் கூடுதல்களும் சமன்செய்யப் போதும் என்பதால், அந்த உதையால் கிடைக்கக்கூடிய ஆதாயம் சிறிது. முயன்றிருக்க வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் இதை அனுபவக் குறை என்று சொல்ல மாட்டேன். 60 வயதுப் பயிற்சியாளர்களும் அங்கே பிரிந்துதான் நிற்பார்கள்.

இன்று நிற்கும் இடம்

2025 சீசனோடு ஃப்ரீமனின் கணக்கு 43 வெற்றி, 12 தோல்வி. கெல்லி 34–14 என்ற கணக்கோடு 2025 அக்டோபரில் லூயிசியானா ஸ்டேட்டிலிருந்து நீக்கப்பட்டார். மூன்று கல்லூரிகளின் அனுபவத்தோடு நோட்டர் டேமுக்கு வந்து, இங்கே 12 ஆண்டுகள் இருந்து, பெருந்தொகை ஒப்பந்தத்தோடு போனவர் அங்கே முழுதாக நான்கு சீசன்கூட நிலைக்கவில்லை. இதை வைத்து இளமைதான் சிறந்தது என்று வாதிட்டால் அது குஹாரிச்சை வைத்து வாதிடுவதைப் போன்ற அவசரம். இவ்விரு கணக்குகளும் நிறுவுவது இவ்வளவே: கழிந்த ஆண்டுகளின் எண்ணிக்கை, வருகிற ஆண்டுகளைப் பற்றி நியமனக் குழுக்கள் நினைக்கும் அளவுக்குச் சொல்வதில்லை.

ஸ்வார்பிரிக் எடுத்த முடிவைச் சரி என்று நான் கூறுவதற்கு அடிப்படை 2024 சீசனின் இறுதி ஆட்டம் அல்ல. முடிவு நல்லதாக அமைந்துவிட்டதால் நியமனம் சரியாகிவிடாது. 2022 அக்டோபரில் பார்த்திருந்தால் அதே நியமனம் தவறாகத் தோன்றியிருக்கும். 2021 டிசம்பரில் தெரிந்திருந்தவற்றை மட்டும் வைத்துப் பார்த்தால், அணி சிதறும் ஆபத்து உடனடியானது. அனுபவக் குறையோ ஈடுகட்டக்கூடியது. ஈடுகட்டுவதற்கு இரண்டு நிபந்தனைகள் வேண்டியிருந்தன. நியமிக்கப்படுபவர் மூத்தவர்களைத் தன்னருகே சேர்த்துக்கொள்ளும் இயல்புள்ளவராக இருக்க வேண்டும். நிறுவனம் முதல் இரண்டு ஆண்டுகளின் அவமானங்களைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது நிபந்தனை பிரென்னனுக்குக் கிடைக்கவில்லை, வில்லிங்ஹாமுக்கும் கிடைக்கவில்லை. மார்ஷலுக்குப் பிறகும், பத்துப் பேர் நின்ற அந்த இரவுக்குப் பிறகும், நார்தர்ன் இல்லினாய்ஸுக்குப் பிறகும் ஃப்ரீமனுக்குக் கிடைத்தது.

முழுமையாகத் தீராத ஒன்றும் பாக்கியிருக்கிறது. 2022-இல் சீசனின் முதல் இரண்டு ஆட்டங்களும் தோல்வி. 2023-இன் முதல் தோல்வி செப்டம்பரில். 2024-இல் செப்டம்பர் 7. 2025-இல் மயாமியிடம் 27–24, டெக்சஸ் ஏ அண்ட் எம்மிடம் 41–40 என்று மீண்டும் முதல் இரண்டு ஆட்டங்களும் தோல்வி. இரண்டாவது ஆட்டத்தில் ஒற்றைப் புள்ளி உதைக்குப் பந்தைப் பிடித்து வைப்பதில் நேர்ந்த பிசகுதான் அந்த ஒரு புள்ளி வித்தியாசம். அதன்பின் பத்து ஆட்டங்களையும் வென்று 10–2 என்று முடித்தும், தேர்வுக் குழு மயாமியைச் சேர்த்து நோட்டர் டேமைத் தகுதிச் சுற்றுக்கு வெளியே நிறுத்தியது. அணி வேறு எந்த பௌல் ஆட்டத்துக்கும் போக மறுத்தது. அதன் ஏமாற்றம் நியாயமானதே. ஆனால் இரண்டு தோல்விகளும் சீசனின் தொடக்கத்திலேயே வந்தன. நான்கு ஆண்டுகளாக முதல் தோல்வி செப்டம்பர் முடிவதற்குள்ளேயே வந்துவிடுகிறது. ஆகஸ்ட் மாதப் பயிற்சி முகாமில் முதல் ஆட்டத்துக்கு அணியை எப்படித் தயாராக்குகிறார், புதிய குவாட்டர்பேக்கிடம் எவ்வளவு சீக்கிரம் எவ்வளவு ஒப்படைக்கிறார் என்பதையே இனி அவரிடம் கேட்க வேண்டியிருக்கிறது. 2021-இல் அவரிடம் இல்லாததில் இன்னும் நிரம்பாமல் இருப்பது அது ஒன்றுதான்.